சாந்தாமணியின் குக்கர் பதில் சொன்ன ஐப்பசி

ஐப்பசி பிறந்த அன்று சாயங்காலம், வாசலில் பாதாம் மரம் நிற்கிற எங்கள் ஊர் ஹாலில் நெவில் ஃபெரெய்ரா தன்னுடைய சாக்ஸபோனில் ஒரு பாட்டை வாசித்துக்கொண்டே போய் முடிக்காமல் பாதியில் நிறுத்தினார் என்பதும், மறுநாள் காலையில் என் பக்கத்து வீட்டு சாந்தாமணியின் குக்கர் மீதியை வாசித்து முடித்தது என்பதும், போத்தனூர் ரயில்வே காலனிக்குப் பின்னால் இருக்கிற எங்கள் தெருவில் பச்சைக் குழந்தைக்கும் தெரியும். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அந்தக் குக்கர் மேல் எனக்குக் கொள்ளைப் பொறாமை என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரோ கண்டுபிடித்த மாதிரி ஆக வேண்டாம்.

நெவில் இந்த ஊரிலேயே பிறந்த ஆங்கிலோ இந்தியர். பாதி ஆயுசைக் கப்பல்களில் வாசித்தே கழித்துவிட்டு, செத்துப்போன அம்மாவின் வீட்டை விற்பதற்காகத் திரும்பி வந்திருந்தார். பத்திரம் முடிய ஒரு மாசம் ஆகும் என்றார்கள். ஒரு மாசம் ஊதாமல் இருந்தால் உதடு மறந்துவிடும் என்று பழைய கூட்டாளிகளைக் கூப்பிட்டார். பல் டாக்டர் கஸ்பார் வந்து டிரம்ஸில் உட்கார்ந்தார், சர்ச்சில் ஆர்கன் வாசிக்கும் மிஸ் ஐரீன் பியானோவைத் தூசி தட்டினார், பேக்கரிக்காரர் ஒருவர் ஆள் உயரத்துக்கு இருக்கும் பேஸ் வயலினைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார். ஞாயிற்றுக்கிழமை தவிர தினமும் சாயங்காலம் ஜாஸ் கச்சேரி, டிக்கெட் கிடையாது, டீயும் தேங்காய் பன்னும் உண்டு என்று பாதாம் மரத்தில் ஒரு அட்டையைக் கட்டினார்கள். அந்த வருஷம் ஐப்பசி மழை எங்களை வாசலில் நின்று வம்பு பேசவும் விடவில்லை, அடிக்கடி கரண்ட் போய் டிவியும் ஓடவில்லை, எனவே தெருவே குடையைப் பிடித்துக்கொண்டு ஹாலுக்குப் போனது.

ஜாஸ் எப்படி என்றால், எல்லாரும் சேர்ந்துதான் ஒரு பாட்டைத் தொடங்குவார்கள், கொஞ்ச தூரம் சேர்ந்தே நடப்பார்கள், அதற்கப்புறம் ஒருவர் மட்டும் தனியாக எங்கேயோ கிளம்பிப் போவார், அவர் காடு மேடெல்லாம் சுற்றிவிட்டு வருகிறவரைக்கும் மற்றவர்கள் சன்னமாக வாசித்துக்கொண்டு வழி பார்த்துக் காத்திருப்பார்கள், அவர் வந்து சேர்ந்ததும் நாம் கைதட்ட வேண்டும், பாட்டு முடியட்டும் என்று உட்கார்ந்திருப்பது மரியாதை இல்லை. நாங்கள் இதைக் கற்றுக்கொள்ள ஒரு வாரம் ஆனது. நெவிலிடம் மட்டும் வேறொரு பழக்கம் இருந்தது. தன் முறை முடிகிற இடத்தில், ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டு நிற்கிற மாதிரி நிறுத்தி, வாத்தியத்தை வாயிலிருந்து எடுத்துவிட்டு, தலையைச் சாய்த்துக்கொண்டு நிற்பார். டிரம்ஸும் பேஸும் காலி வண்டி போல உருண்டுகொண்டே இருக்கும். அந்தக் காலி இடம் யாராவது ஏறிக்கொள்வதற்காக விட்டது என்று மிஸ் ஐரீன் எங்களுக்குச் சொன்னார். யாரும் ஏறவில்லை. நெவில் சிரித்துவிட்டு மறுபடி வாத்தியத்தை வாயில் வைத்துக்கொள்வார்.

முதல் நாள் கச்சேரிக்கு மறுநாள் காலையில் நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். எங்கள் வீடுகள் லைன் வீடுகள், என் சமையலறைக்கும் சாந்தாமணியின் சமையலறைக்கும் நடுவே ஒரு செங்கல் சுவர்தான், அவள் கடுகு தாளித்தால் நான் தும்முவேன். அவளுடைய குக்கர் முதலில் எல்லாக் குக்கரையும் போலத்தான் முனகியது. பிறகு வெயிட்டைத் தூக்கிக்கொண்டு, நேற்று நெவில் நிறுத்திய இடத்திலிருந்து, அதே சுருதியில் ஆரம்பித்து, இறங்கி, ஒரு வளைவு வளைந்து, மேலே ஏறி, அங்கேயே கொஞ்ச நேரம் ஆடி, அழகாக முடித்தது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது, வெங்காயம்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

இந்த இடத்தில் சாந்தாமணியின் புருஷன் தண்டபாணியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அவன் வைத்திருப்பது குக்கர் ரிப்பேர் கடை. எங்கள் ஊரில் எந்தக் குக்கருக்கு எந்த நோய் என்றாலும் அவனிடம்தான் போக வேண்டும். நல்ல மனுஷன், கைசுத்தம், பொய் வேலை செய்யமாட்டான். ஆனால் ஒரே ஒரு பகடியை வைத்துக்கொண்டு காலத்தை ஓட்டுகிற ஆள். கல்யாணமாகி வந்த புதிதில் சாந்தாமணி பாத்திரம் கழுவும்போது உதட்டைக் குவித்து விசிலடிப்பாளாம், வீட்டில் விருந்தாளிகள் இருந்தபோது அவன், "ஏம்புள்ள, நம்மூட்டுல விசிலடிக்கக் குக்கர் இருக்குது, நீயெதுக்கு?" என்று கேட்டானாம், எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்களாம். எல்லாரும் என்ன, நானும் அங்கேதான் இருந்தேன், நானும் சிரித்தேன். புதுப்பெண் யாராவது சீர் வரிசைக் குக்கரோடு கடைக்கு வந்தால் இந்தக் கதையைச் சொல்லாமல் கேஸ்கட் மாட்டித் தரமாட்டான்.

குக்கர் பாடியதை எங்கள் தெரு எப்படி எடுத்துக்கொண்டது என்று வெளியூர்க்காரர்கள் கேட்கிறார்கள். எப்படி எடுத்துக்கொள்வது, காலையில் கேட்டோம், கேட்டுவிட்டு வேலையைப் பார்த்தோம். பிள்ளையார் கோவில் பூசாரி அந்த நேரத்துக்கு மட்டும் ஸ்பீக்கரை அணைத்துவைத்தார், தயிர்க்காரர் மணி அடிப்பதை நிறுத்திவிட்டு எங்கள் வாசலில் கேனை இறக்கிவைத்துக்கொண்டு நின்றார், பள்ளிக்கூட வேனின் டிரைவர் ஹாரனைத் தொடாமல் கண்ணாடியை இறக்கினார், எதிர்வீட்டில் தினமும் சண்டை போடுகிற தம்பதி அதற்கு முன்பாகவோ பின்பாகவோ வைத்துக்கொண்டார்கள். "இன்னைக்குச் சாந்தாமணி குக்கரு கொஞ்சம் வெசனமா இருக்குதல்ல" என்று ஒருத்தி சொன்னால், "ஈரக் காத்துங்க, அப்புடித்தான் இருக்கும்" என்று இன்னொருத்தி சொல்வாள். பாட்டு முடிகிறவரைக்கும் அடுப்பை அணைக்க முடியாததால் சாந்தாமணி வீட்டுச் சோறு தினமும் குழைந்தது. அந்தக் குழைந்த சோற்றையும் கிண்ணத்தில் வாங்கிப் போய்க் குழந்தைகளுக்கு ஊட்டினார்கள், அதைத் தின்றால் பிள்ளைகள் அழுவதில்லை என்று ஒரு பேச்சு வேறு.

பெண்கள் அத்தனை பேரும் தங்கள் குக்கரைத் தூக்கிக்கொண்டு தண்டபாணி கடைக்கு ஓடினார்கள். "அந்தக்கா ஊட்டுக் குக்கரு மாதிரி பண்ணிக் குடுங்ணா" என்றார்கள். அவனும் வால்வைக் கழற்றிப் பார்த்தான், ஊசியால் குத்தினான், வினிகரில் ஊறப்போட்டான், ஒன்றும் நடக்கவில்லை. அவன் தன் வீட்டுக் குக்கரையே கடைக்குக் கொண்டுவந்து ஒரு நாள் முழுக்கப் பிரித்துப் போட்டுப் பார்த்தான். சாதாரணக் குக்கர், அடியில் ஒரு நெளிசல், அவ்வளவுதான். அப்போது நான் ஒரு யோசனை சொன்னேன்.

"தம்பி, உன்ர ஊட்டு வெயிட்ட எனக்குக் குடு. என்ர வெயிட்ட அங்க மாட்டு. சீக்கு வெயிட்டுலதான் இருக்கோணும்."

அவன் முகம் மலர்ந்துபோனது. அந்தச் சீக்கை வீட்டைவிட்டு அனுப்ப அவனுக்கு அவ்வளவு ஆசை. மறுநாள் காலையில் நான் குளித்து, புதுப்புடவை கட்டி, சாந்தாமணியின் வெயிட்டை என் குக்கரில் மாட்டிவிட்டு நின்றேன். என் குக்கர் 'உஸ்' என்றது. இன்னொரு தரம் 'உஸ்' என்றது. பருப்புத் தண்ணீரை உத்தரம் வரைக்கும் பீச்சியடித்தது. அதே நேரத்தில் சுவருக்கு அந்தப் பக்கம், என் வெயிட்டை மாட்டிக்கொண்ட சாந்தாமணியின் குக்கர், முன்னே எப்போதும் பாடாத பாட்டைப் பாடியது. என் வெயிட்! கல்யாணமான நாளிலிருந்து என்னிடம் வாயே திறக்காத என் வெயிட்! வயிறு எரிந்தது. அன்றைக்கு நான் சாந்தாமணியோடு பேசவில்லை, அவளுக்கு அது தெரியவும் இல்லை.

இதற்குள் விஷயம் நெவிலுக்குப் போய்விட்டது. ஒரு காலையில் மிஸ் ஐரீனோடு ஒரே குடையில் வந்து தெருமுனையில் நின்று கேட்டார். முடிந்ததும் அப்படியே திரும்பிப் போனார். அன்று சாயங்காலம் அவர் வாசித்தது வேறு மாதிரி இருந்தது. காலையில் குக்கர் எங்கே முடித்ததோ அங்கிருந்து எடுத்து, அதைத் திருப்பிப் பார்த்து, அதற்கு ஒரு மறுமொழி சொல்லி, அதிலிருந்து புதிதாக ஒன்றைக் கேட்டுவிட்டு நிறுத்தினார். மறுநாள் காலையில் குக்கர் அதற்குப் பதில் சொன்னது. சாயங்காலம் கேள்வி, காலையில் பதில், மறுபடி சாயங்காலம் கேள்வி, மறுபடி காலையில் பதில் என்று மழை பெய்து ஓய்ந்து பெய்துகொண்டிருந்த அந்த மாசம் முழுக்க, ஊரே காது கொடுத்துக் கேட்க, ஒரு சாக்ஸபோனும் ஒரு குக்கரும் பேசிக்கொண்டே இருந்தன.

குக்கர் தானாகப் பேசுமா என்று குழாயடியில் கேட்டார்கள். ஆக்குகிறவள் மனசில் இருப்பதுதானே ஆவியாக வரும் என்றார்கள். ஐப்பசி முடிந்தால் அந்த மனுஷன் கப்பலுக்குப் போய்விடுவான், இவள் இங்கே சோறாக்கிக்கொண்டு இருப்பாளா, பெட்டியைக் கட்டிக்கொண்டு கூடப் போவாளா என்றும் கேட்டார்கள். நான்தான் கேட்டேன். கேட்டது தண்டபாணியின் காதுக்குப் போயிற்று.

அவன் அன்று மத்தியானம் என் வீட்டு வாசலில் நனைந்துகொண்டு வந்து நின்றான்.

"அக்கா, அவ போயிருவாளாங்?"

"எனக்கென்ன தெரியும் தம்பி."

"எங்கிட்ட அவ பேசறதே உப்பு இருக்குதா, புளி இருக்குதான்னுதானுங்க. அந்தாளுகிட்ட அந்தக் குக்கரு எத்தன பேசுது பாருங்க. நானும் ஒக்காந்து கேட்டேன். எனக்கு ஒரு எழுத்துப் புரியல."

ஆம்பளை அழுதால் எனக்குப் பார்க்கப் பிடிக்காது. ஆனால் உண்மையைச் சொன்னால், அன்றைக்கு அவனைப் பார்க்க எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. வயிறு எரிவது எனக்கு மட்டும் இல்லையே.

அன்றிலிருந்து தண்டபாணியும் கச்சேரிக்கு வந்தான். சாந்தாமணிக்கு நேர் பின்னால் உட்கார்ந்து, வாசிப்பவர்களைப் பார்க்காமல் அவளுடைய பிடரியையே பார்த்துக்கொண்டிருப்பான். பஜனையில் போடுகிற மாதிரி தொடையில் தாளம் போடுவான், அது அந்தச் சங்கீதத்தோடு சேரவே சேராது, நடுவில் தவறான இடத்தில் கைதட்டிவிட்டு எல்லாரும் திரும்பிப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொள்வான். சாந்தாமணி நெவிலைப் பார்க்கவே மாட்டாள். நெவில் வாசிக்க ஆரம்பித்ததும் கண்ணை மூடிக்கொள்வாள். அவர் நிறுத்துகிற இடத்தில் மட்டும், சூடான டீயை ஊதுகிறவள் மாதிரி அவளுடைய உதடு லேசாகக் குவியும். நான் அதைப் பார்த்தேன். தண்டபாணியும் பக்கவாட்டில் எட்டிப் பார்த்தான், பார்த்துவிட்டு வேறு என்னவோ நினைத்துக்கொண்டான், அவன் முகம் கறுத்துப்போனது.

மாசம் முடியப் போகிற சமயத்தில், என் குக்கருக்குக் கேஸ்கட் வாங்கப் போன இடத்தில், நெவிலே கடைக்கு வந்து நிற்பதைப் பார்த்தேன். கையில் சாக்ஸபோன். அதன் சாவிகளில் ஒன்றின் அடியில் இருக்கும் தோல் வட்டு மழை ஈரத்தில் ஊறிப் பிய்ந்துவிட்டதாம், காற்று ஒழுகுகிறதாம், கோயம்புத்தூரில் யாரிடமும் கிடைக்கவில்லையாம்.

"லீக் ஆவுது, மேன். எல்லாரும் சொன்னாங்க, லீக்குன்னா தண்டபாணின்னு."

தண்டபாணி அந்த வாத்தியத்தைக் கையில் வாங்கினான். அதை எப்படிப் பார்த்தான் என்று எனக்குத்தான் தெரியும். கைப்பிடிச் சுத்தியல் பக்கத்திலேயே இருந்தது. ஒரு ஸ்க்ரூவை அரைச் சுற்றுத் தளர்த்தினால் போதும், அது சாயங்காலத்துக்குள் ஊமையாகிவிடும். அவன் ரொம்ப நேரம் யோசித்தான். பிறகு பழைய பம்பு ஸ்டவ்வின் தோல் வாசர் ஒன்றைத் தேடி எடுத்து, எண்ணெயில் நனைத்து, வட்டமாக நறுக்கி, சீவி, ஒட்டி, அழுத்தி, தீக்குச்சியைக் கொளுத்திப் புகை ஒழுகுகிறதா என்று பார்த்து, மறுபடி எடுத்து மறுபடி ஒட்டினான். தொழில் கை, வேறு மாதிரி செய்ய அதற்குத் தெரியவில்லை.

கொடுக்கும்போது கேட்டுவிட்டான்.

"என்ர சம்சாரத்த உங்களுக்குத் தெரியுமாங்?"

நெவில் வழுக்கைத் தலையைத் தடவிக்கொண்டார்.

"உங்க வீட்டுக் குக்கர்தான்னு சொன்னாங்க. லேடி யாருன்னு எனக்குத் தெரியாது, மேன். ஹாலுக்கு வர்றாங்களா? எந்த சீட்?"

"பொறவு யாருக்காகங்க அப்புடி நிறுத்தறீங்க?"

"யாருக்கும் இல்ல. யாருக்காவது. கப்பல்ல முப்பது வருஷம் நிறுத்திப் பார்த்தேன், எல்லாரும் சாப்பிட்டுக்கிட்டே இருந்தாங்க. இங்கதான் பதில் வந்துச்சு." அவர் சாக்ஸபோனை வாயில் வைத்து ஒரே ஒரு ஸ்வரம் ஊதினார். கடையில் தொங்கிய கேஸ்கட்டுகள் எல்லாம் அதிர்ந்தன. "முன்னவிட நல்லா இருக்கு, மேன்."

அன்று சாயங்காலம் அது உண்மையிலேயே முன்னைவிட நன்றாகத்தான் இருந்தது. தண்டபாணி தன் கையாலேயே எதிரிக்குக் குரல் கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்திருந்தான். எதிரிக்கு அவளைத் தெரியாது என்பது அவனுக்கு ஆறுதலாக இருந்திருக்க வேண்டும், ஆனால் இல்லை. ஒரு ஆளின் மேல் பொறாமை என்றால் அவன் சட்டையைப் பிடிக்கலாம், ஊருக்குப் போகிறவரை பொறுத்திருக்கலாம். யாருமே இல்லாத ஒரு காலி இடத்தைப் பார்த்துத் தன் பெண்டாட்டி உதட்டைக் குவிக்கிறாள் என்றால் அவன் யாரிடம் போய்ச் சண்டை போடுவான்?

ஐப்பசியின் கடைசி நாள் கச்சேரிக்குக் குக்கரையே மேடைக்குக் கொண்டுவர வேண்டும் என்று முடிவு செய்தது பல் டாக்டர் கஸ்பார். ஊரே குதித்தது. தண்டபாணியிடம் போய், "உங்க குக்கரக் குடுங்க" என்று கேட்டார்கள். கவுன்சிலர் கேட்டார், பூசாரி கேட்டார், மிஸ் ஐரீன் கேட்டார். சாந்தாமணியிடம் யாரும் கேட்கவில்லை. அவள் பாட்டுக்குத் துணி காயப்போட இடம் தேடிக்கொண்டிருந்தாள்.

அன்று மழை கொட்டியது. குக்கரைப் பட்டுத்துண்டில் வைத்து, அதற்குத் தனியாக ஒரு குடை பிடித்து, கேஸ் சிலிண்டரைத் தள்ளுவண்டியில் ஏற்றி ஊர்வலமாகக் கொண்டுபோனார்கள். தண்டபாணிதான் முன்னால் நடந்தான். போவதற்கு முன்னால் கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உள்ளே என்ன செய்தான் என்பது அப்போது என்னைத் தவிர யாருக்கும் தெரியாது. நான் அந்தப் பக்கமாகப் போனேன், குனிந்து பார்த்தேன். பிளேடை வைத்துக்கொண்டு அவன் கேஸ்கட்டின் உள்பக்கமாக ஒரு கீறல் போட்டான். வெடிக்காது, ஆபத்து இல்லை, ஆவி பக்கவாட்டில் போய்விடும், விசில் மட்டும் வராது. வாழ்க்கையில் அவன் செய்த ஒரே பொய் வேலை அதுதான். நான் பார்த்தேன், பார்த்துவிட்டு யாரிடமும் சொல்லவில்லை. பாடட்டும் என்று நான் ஏன் நினைக்க வேண்டும்?

ஹாலில் ஊசி விழ இடமில்லை. மேடையில் பியானோவுக்கும் டிரம்ஸுக்கும் நடுவே அடுப்பு, அடுப்பின் மேல் குக்கர், அதற்கென்று ஒரு மைக். நால்வரும் சேர்ந்து பாட்டைத் தொடங்கினார்கள், சேர்ந்து நடந்தார்கள், ஒவ்வொருவராகப் போய் வந்தார்கள், நாங்கள் சரியான இடத்தில் கைதட்டினோம். கடைசியாக நெவில் கிளம்பினார். அந்த மாசம் முழுக்க அவரும் குக்கரும் பேசியதையெல்லாம் ஒன்றுவிடாமல் திரும்பச் சொன்னார், மழையைச் சொன்னார், அம்மாவின் காலி வீட்டைச் சொன்னார் என்று எனக்குப் பட்டது, பிறகு இதுவரை கேட்டதிலேயே பெரிய கேள்வியைக் கேட்டு நிறுத்தினார். வாத்தியத்தைக் கீழே இறக்கினார். குக்கரின் பக்கம் திரும்பித் தலையைச் சாய்த்தார்.

குக்கர் மூடியின் ஓரமாக மெல்ல ஆவி கசிந்தது. மைக்கில் ஈரத்துணியைப் பிழிகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. வேறொன்றும் வரவில்லை. டிரம்ஸ் உருண்டது, பேஸ் உருண்டது, மழை கூரையில் அடித்தது. நெவில் காத்திருந்தார். யாரும் ஏறாதபோது சிரிப்பாரே, அந்தக் கப்பல் சிரிப்பு அவர் முகத்தில் வர ஆரம்பித்தது.

குக்கர் ரிப்பேர்க்காரன் பெண்டாட்டிக்கு ஓரத்தில் ஆவி போனால் என்ன அர்த்தம் என்று தெரியாதா? சாந்தாமணி கண்ணைத் திறந்து மேடையைப் பார்த்தாள். பிறகு திரும்பித் தண்டபாணியைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் அவன் பிழைத்திருப்பான். அவள் யாரோ வழியில் நிற்கிறவரைப் பார்க்கிற மாதிரி பார்த்தாள். எழுந்து நின்றாள். முந்தானையை இழுத்துச் செருகினாள். உதட்டைக் குவித்தாள்.

அதை எப்படிச் சொல்வது. அது குக்கரின் குரல்தான், ஆனால் குக்கரில் இல்லாத மூச்சு அதில் இருந்தது, கல்யாணமாகி வந்த முதல் வாரத்தில் பாத்திரங்களுக்கு நடுவே நிறுத்திய இடத்திலிருந்து எடுத்தாள் என்றுதான் சொல்ல வேண்டும். தாழ்ந்து வந்தாள், டிரம்ஸின் மேல் ஏறிக்கொண்டாள், நெவிலின் கேள்வியை வாங்கி, அதை ஒரு பக்கமாக வைத்துவிட்டு, தன்னுடைய கேள்வி ஒன்றைக் கேட்டாள். மிஸ் ஐரீன் பியானோவிலிருந்து கையை எடுத்துவிட்டார். சாந்தாமணி முடித்ததும் ஒருவரும் கைதட்டவில்லை, எங்களுக்கு அது மறந்துபோய்விட்டது. நெவில் தலை குனிந்து வணங்கினார். அவள் உட்கார்ந்து, முழங்கையில் ஒட்டியிருந்த தேங்காய்த் துருவலைத் தட்டிவிட்டாள்.

மறுநாள் மத்தியானத்து ரயிலில் நெவில் தனியாகத்தான் போனார். யாரும் யாரோடும் ஓடிப்போகவில்லை, குழாயடிக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். ஆனால் அதற்கு முன்னாலேயே, அன்று காலையில், தண்டபாணி புது கேஸ்கட் மாட்டிக் கொடுத்த குக்கர் உலகத்துக் குக்கர்களைப் போல 'உஸ்' என்று கத்திவிட்டு அடங்கியது. தயிர்க்காரர் கேனைத் தூக்கிக்கொண்டு போனார். மறுநாளும் 'உஸ்'தான். அதற்கு மறுநாள் நான் சுவரில் காதை வைத்தேன், எனக்கு வெட்கமெல்லாம் கிடையாது.

"சாந்தா." தண்டபாணியின் குரல். "ஒருக்கா அடி."

"என்னத்த?"

"அதான். அன்னைக்கு அடிச்சியே."

பாத்திரம் வைக்கிற சத்தம். பிறகு அவள் சொன்னாள், கோபமே இல்லாமல், உப்பு இருக்கிறது என்று சொல்கிற மாதிரி.

"நம்மூட்டுல விசிலடிக்கக் குக்கர் இருக்குதுங்க."

நான் இந்தப் பக்கம் சுவரிலிருந்து காதை எடுத்துவிட்டு மறுபடி வைத்தேன். அந்தப் பகடிக்கு நானும் சிரித்தவள்தானே. அவள்தான் மறுபடி பேசினாள்:

"வெயிட்ட எங்கீங்க? ஆவி வந்திருச்சு, குடுங்க."

"என்ர பாக்கெட்டுல இருக்குது."

"குடுங்க."

"குடுக்க மாட்டேன்."

"சோறு வேகாதுங்க."

"வேகாட்டிப் போகுது. அரிசியாவே தின்னுக்கறேன். இந்த ஊட்டுல இனிமே குக்கரு விசிலடிக்காது."

அவன் குரல் உடைந்திருந்தது. வெயிட் இல்லாத குக்கரிலிருந்து ஆவி வீணாகப் போய்க்கொண்டே இருப்பது எனக்குக் கேட்டது. அவன் சமையலறைத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டான் என்று நினைக்கிறேன். எனக்குப் பொறாமை வந்தது. இந்தத் தடவை பாட்டுக்காக அல்ல. என்னிடமிருந்து ஒரு சத்தம் வர வேண்டும் என்று யாரும் இதுவரை வேகாத சோறு தின்றதில்லை. என் வீட்டுக்காரர் உள்ளே பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். என் குக்கர் விசிலடிக்கத் தயாராக முனகியது, நான் ஓடிப்போய் அடுப்பை அணைத்தேன். எதிர்வீட்டிலும் அணைத்தார்கள். தெருவில் ஒவ்வொரு அடுப்பாக அணைவது கேட்டது, எல்லாருக்கும் காது அங்கேதான் இருந்திருக்கிறது.

அவ்வளவு அமைதியை எங்கள் தெரு பார்த்ததில்லை. நெவில் வாத்தியத்தை இறக்கிவிட்டுத் தலையைச் சாய்த்து நின்ற மாதிரி இருந்தது. யாராவது ஏறிக்கொள்ள வேண்டிய இடம். எனக்கு என்ன தோன்றியதோ, நான் உதட்டைக் குவித்தேன். காற்றுதான் வந்தது. எச்சிலைத் துடைத்துவிட்டு மறுபடி ஊதினேன். மூன்றாம் முறை ஒரு சத்தம் வந்தது, சின்னதாக, கோணலாக, வாசல் கதவு கிறீச்சிடுகிற மாதிரி. அதற்கே எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வெங்காயம் எதுவும் பக்கத்தில் இல்லை.

சுவருக்கு அந்தப் பக்கம் சாந்தாமணி சிரித்தாள். சிரித்துவிட்டு, என் கோணல் சத்தத்தை அப்படியே வாங்கி, நேராக்கி, கொஞ்சம் மேலே கொண்டுபோய், எனக்காக ஓர் இடம் விட்டு நிறுத்தினாள்.

இப்போது நாங்கள் தினமும் காலையில் வாசிக்கிறோம், சுவருக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவள். சோறு வடித்துத்தான் ஆக்குகிறாள். தண்டபாணி இன்னமும் வெயிட்டைச் சட்டைப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு திரிகிறான், அது நான் அன்றைக்கு மாற்றிக் கொடுத்த என் வெயிட். அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துதான் கேட்கிறான், தொடையில் தாளம்கூட இப்போது ஓரளவுக்குச் சேர்கிறதாம். ஆனால் அவள் வாசிப்பது எனக்குத்தான், பதிலுக்கு அவள் காத்திருப்பதும் என்னிடமிருந்துதான், அது அவனுக்கும் தெரியும். தெருவில் என்னைக் கண்டால், அன்றைக்கு அந்தச் சாக்ஸபோனைப் பார்த்தானே, அதே பார்வை பார்க்கிறான். என் குக்கரை மட்டும் ரிப்பேருக்கு எடுக்கமாட்டேன் என்கிறான். ஒரு கேஸ்கட் வாங்க நான் பஸ் ஏறி டவுன்ஹால் வரைக்கும் போக வேண்டியிருக்கிறது. ஜன்னலோர சீட்டாகப் பார்த்து உட்கார்ந்து, வழியெல்லாம் உதட்டைக் குவித்துப் பழகிக்கொண்டே போகிறேன்.